ஆடும் சக்கரமும் முனகும் சக்கரமும்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் நால்வழிச் சாலையில், வல்லத்தைத் தாண்டிச் செங்கிப்பட்டியை நெருங்கும் இடத்தில், சென்ற தை மாதத்து விடியற்காலை ஒன்றில், என் காரின் ஸ்டியரிங் வளையம் என் இரு கைகளுக்குள்ளும் குளிர்ஜுரம் கண்டவன் உடம்பைப்போல நடுங்கத் தொடங்கியது. வேகமுள் 80ஐத் தொட்டதும் மெல்லிய சிலிர்ப்பாக எழுந்து, 90இல் முன்கண்ணாடியருகே தொங்கிய பிள்ளையாரே தாண்டவம் ஆடும் அளவுக்கு வளர்ந்து, நான் பயந்து காலை எடுத்து 70க்கு இறக்கியதும் ஒன்றுமே நடவாததுபோல அடங்கிப்போன அந்த நடுக்கத்தை, திருச்சி போய்ச் சேருவதற்குள் ஏழெட்டு முறை வரவழைத்தும் அனுப்பிவைத்தும் பரீட்சை செய்து பார்த்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த எங்கள் வயலுக்கு, வாய்க்காலோர மண்பாதையில் இறங்கிப் போய் வந்ததைத் தவிர, அந்த வண்டிக்கு நான் வேறு அபசாரம் எதுவும் செய்ததாக ஞாபகமில்லை. அந்தப் பிரயாணத்துக்கும் இந்த நடுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அப்போது தோன்றவுமில்லை.

ஊர் திரும்பியதும், கண்ணாடிக் கதவும் குளிர்சாதன அறையும் வைத்திருக்கும் ஒரு பெரிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்த இளைஞர், நான் லட்சணங்களைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே, "முன்னாடி ரெண்டு பேரிங்கும் போயிருக்கும் சார்" என்று கணினியில் எழுதிக்கொண்டார். மறுநாள் மாலை இரண்டு புதுப் பேரிங்குகளுக்கும் கூலிக்கும் வரிக்கும் பணத்தைக் கட்டிவிட்டுச் சாலையில் ஏறி 80ஐத் தொட்டேன். வளையம் முன்போலவே நடுங்கிற்று. திரும்பிப் போனதற்கு அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்றார்கள், பார்த்தார்கள், நடுக்கம் போகவில்லை. அதற்கும் அடுத்தபடியாக டயர்கள் நான்கையும் மாற்றிவிடலாம் என்ற யோசனை எழுந்தபோதுதான், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிற இந்த வைத்தியத்தில் நோயாளியின் நாடியை ஒருவரும் இதுவரை பிடித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

திருவையாற்றுச் சாலையோரத்தில், ஒரு புங்கமரத்தை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அம்பாசிடர் காலத்தில் தொழில் பழகியவர். அவரிடம் போய் நின்றதும் அவர் வண்டியைத் தொடவில்லை. "வயலுக்குள்ள எறங்குனீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஜாக்கியை வைத்து முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி, கன்றுக்குட்டியைப் பிடித்து வருவதுபோல ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் சாய்த்து, உட்புறத்தைத் திருப்பினார். வெளியே பளபளவென்று கழுவித் துடைத்திருந்த அந்த ரிம்மின் உள்வளையத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பனைவெல்லக் கட்டிபோல இறுகிக் காய்ந்த களிமண் அடை ஒன்று, நடுவே ஒரு வைக்கோல் துணுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளியால் இரண்டு தட்டு. அடை முழுசாகக் கழன்று கையில் வந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைத் தராசில் வைத்தால் 100 கிராமைத் தாண்டி முள் நின்றது. பெரிய பட்டறையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார்கள், பேரிங்கை மாற்றியிருக்கிறார்கள், மண்ணோடு எடுத்ததை மண்ணோடேயே மாட்டியும் இருக்கிறார்கள்.

வண்டியை ஓட்டிப் பார்த்தோம். 90இல் வளையம் கோயில் குளத்துத் தண்ணீர்போல அசையாமல் இருந்தது. நான் சந்தோஷத்தில் பேச வாயெடுத்தபோது, பெரியவர் கையமர்த்திவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். "நடுக்கம் போச்சு. ஆனா அது கெடக்கட்டும். பின்னாடி எடப்பக்கம் ஒரு பேரிங்கு ரொம்ப நாளா முனகிக்கிட்டே வருதே, அதக் கேக்கலியா நீங்க?" என்றார். நான் கேட்கவில்லை. இல்லை, கேட்டிருக்கிறேன், சாலையின் ஓசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த ஒரு கேள்விதான். ஆட்டம் கண்ணுக்கும் கைக்கும் பிரத்தியட்சமாகத் தெரிவதால் நாம் அலறுகிறோம்; முனகல் காதுக்கு மட்டும், அதுவும் படிப்படியாக, வருவதால் அதனோடு வாழப் பழகிவிடுகிறோம். உண்மையில், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் பத்துக்கு எட்டு சந்தர்ப்பங்களில் பேரிங் குற்றவாளி அல்ல என்பது பெரியவரின் அபிப்பிராயம். பேரிங் கெட்டுப்போனால் அது முதலில் ஆடுவதில்லை, பேசுகிறது. ஆடத் தொடங்கும் கட்டத்தில் அதற்கு அந்திமக் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நூறு கிராம் மண் ஒரு டன் எடையுள்ள காரை நடுக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கார் ஒன்று 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் சக்கரம் வினாடிக்குப் பதின்மூன்று, பதினான்கு தடவை சுற்றுகிறது. அச்சிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒட்டிக்கொண்ட அந்த 100 கிராம் மண், அவ்வேகத்தில், ஏறக்குறைய 13 கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கிறது. அதுவும் ஒரு கணம் மேலே, மறுகணம் கீழே, அடுத்த கணம் முன்னே, பின்னே என்று ஒவ்வொரு சுற்றிலும் திசையை மாற்றிக்கொண்டு. வேகம் பாதியானால் இந்த இழுப்பு பாதியாவதில்லை, நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து, நெடுஞ்சாலையில் ஏறியதும் பேயாட்டம் ஆடுவதன் ரகசியம் இதுதான். சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் ஸ்டியரிங் தண்டுகளையும் தாங்கி நிற்கும் அமைப்புக்கு இயல்பாகவே ஓர் அதிர்வுக் கதி உண்டு. மண்ணின் இழுப்பு அந்தக் கதியோடு தாளம் சேரும் வேகத்தில் நடுக்கம் உச்சமடைகிறது, தாண்டிப் போனால் சற்றுத் தணிந்துவிடுவதும் உண்டு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வந்து, வேறு வேகத்தில் போய்விடும் நடுக்கம் என்றால் முதல் சந்தேகம் எடைச் சமநிலையின் மேல்தான் விழவேண்டும்.

எடைச் சமநிலை என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் தலையாட்டி பொம்மையை எப்படிச் சாய்த்துவிட்டாலும், அடியில் வைத்த களிமண் கனம் தரையை நோக்கி வந்தால்தான் அது ஓய்கிறது. ஜாக்கியில் தூக்கிய சக்கரமும், பிரேக் உரசாமல் சுதந்திரமாகச் சுற்றுமானால், அப்படியே செய்கிறது: கையால் சுழற்றி விட்டுவிடுங்கள்; கனமான பக்கம் ஊசலாடி ஊசலாடிக் கடைசியில் அடிப்பக்கம் வந்து நிற்கும். மூன்று முறை சுழற்றி மூன்று முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால், அங்கே மண்ணோ, எதிர்ப்புறத்தில் விழுந்துபோன ஈயத்துண்டோ காரணமாக இருக்கும். அந்த ஈயத்துண்டுகளை ரிம்மின் விளிம்பில் அடித்துப் பொருத்துவதற்குத்தான் வீல் பேலன்சிங் என்று பெயர். நம் வண்டல் களிமண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. வல்லத்துச் செம்மண் காய்ந்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. ஆற்றுப் படுகையின் களிமண்ணோ, பொம்மைக்கும் பானைக்கும் ஆகிவந்த அதே பிடிப்போடு, ரிம்மைப் பற்றிக்கொண்டு காய்ந்து கல்லாகிறது. தண்ணீரைப் பீய்ச்சி வெளிப்புறத்தைக் கழுவும் பையன் அதைப் பார்ப்பதேயில்லை.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி வாத்து நடை நடந்தால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயரின் உள்ளிழை பிரிந்து ஓரிடத்தில் வயிறு தள்ளியிருக்கிறது. இரண்டாவதாகச் சொன்னது எந்த நிமிஷமும் வெடிக்கும், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதே விவேகம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துடித்தால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்து ஆட்டம் தொடங்கியிருந்தால், எதையும் யோசிக்காமல் வண்டியை ஓரங்கட்டி வீல் நட்டுகளை முடுக்கிப் பாருங்கள். நட்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், எல்லாரும் செய்வதில்லை. ரிம் வளைவதற்கு நம் பக்கத்துச் சாலைகளில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சேறு உழும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றாமலே டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு போகும் அவசரக்காரர்கள் கொத்திவைத்த குழிகளே போதும். உழவுக்காலத்தில் அவர்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சாலையில்தான் அவர்கள் நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

இனி முனகலுக்கு வருவோம்.

சக்கரம் சுற்ற வேண்டும், அச்சு சுற்றக்கூடாது, அல்லது அச்சோடு சக்கரம் சுற்ற வேண்டும், அதைத் தாங்கும் உடம்பு சுற்றக்கூடாது: இந்தப் பழைய பிரச்சினைக்கு நம் மாட்டுவண்டி கண்ட உபாயம், அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே மசகை ஊட்டி, கடையாணியால் தடுத்து நிறுத்துவது. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த அந்தக் கறுப்பு வண்டிமை வேட்டியில் பட்டால் ஜன்மத்துக்கும் போகாது. மூங்கில் குழலில் அதை நிரப்பி வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார்கள்; ராத்திரி வேளையில் சக்கரம் கிறீச்சிடத் தொடங்கினால், தூங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் விழித்துக்கொள்வார். மாடு நின்றால் விழிக்காதவர், சக்கரம் அழுதால் விழிப்பார். திருவள்ளுவர் தேருக்கு அச்சாணியின் அருமையை வினைத்திட்பத்திலும், மயிற்பீலியையே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறிந்துபோகும் என்பதை வலியறிதலிலும் உவமையாக்கியது, வண்டியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை அறிந்த ஜனங்களை நம்பித்தான். புறநானூற்றில் ஔவையார், உப்பு வாணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சை ஒரு தலைவனுக்கு உவமை சொல்கிறார். நாம் டிக்கியில் ஸ்டெப்னி டயர் வைத்துக்கொண்டு போகிறோம். அவர்கள் அச்சையே உபரியாகக் கொண்டுபோனார்கள். எது முறியும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உரசலை உருளலாக மாற்றினால் உழைப்பு குறையும் என்ற சூட்சுமம் ஐரோப்பாவில் நெடுநாள் யோசனையில் இருந்து, 1794இல் வேல்ஸ் தேசத்துக் கார்மார்தன் ஊரின் பிலிப் வான் என்ற இரும்புத் தொழிலதிபர் வண்டி அச்சுக்குக் குண்டுகள் வைத்துக் காப்புரிமை வாங்கியதில் உருப்பெற்றது. 1898இல் அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் என்ற குதிரைவண்டி உற்பத்தியாளர் கூம்பு உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் வரும் நெருக்குதலையும் அது தாங்கியது. குண்டுகள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, ஒரு பேரிங்கைப் பிளந்து பார்த்தால் உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே ஓடும் குண்டுகள், அவை ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துக்கொள்ளும் கூடு, இவ்வளவையும் மூடிக் காக்கும் ரப்பர் சீல் என்று அது ஒரு சிறு ராஜ்யம். குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மைக்ரான் அளவுக்குக்கூட வருவது கஷ்டம். தலைமயிரின் கனமோ அறுபது, எழுபது மைக்ரான். காவேரி கொண்டுவந்து சேர்க்கும் வண்டலின் துகள்கள் இரண்டிலிருந்து ஐம்பது மைக்ரான் வரை இருக்கும். ஆகவே சீலைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொரு வண்டல் துகளும் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிற பாறை. வயலுக்கு அமிர்தமாக இருப்பது பேரிங்குக்கு விஷமாகிவிடுகிறது.

அது உள்ளே போகும் வழியும் விசித்திரமானது. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால்கள் உடைப்பெடுத்துச் சாலை முழங்காலளவு தண்ணீரில் கிடக்கும்போது, வெகுதூரம் ஓடிச் சூடேறிய வண்டியை நாம் அதில் இறக்குகிறோம். சூடான ஹப் (சக்கரத்தின் குடம்) சட்டென்று குளிர்கிறது. உள்ளேயிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கின இடத்தை நிரப்பச் சீலின் விளிம்பு வழியாக வண்டல் கலந்த தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. தண்ணீரைத் தாண்டிவிட்டோம் என்று நாம் நிம்மதியாகப் பெருமூச்சு விடும் அதே சமயத்தில் பேரிங்கும் மூச்சு வாங்கிக்கொண்டுவிட்டது. உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து அதை மோர்க்குழம்பாக்கி, வழவழப்பைக் கெடுத்து, நாலைந்து மாதம் கழித்து, மழையை நாம் மறந்துபோன ஒரு சித்திரை வெயிலில், முனகலாக வெளியே வருகிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே இத்தனை இடைவெளி இருப்பதனால்தான் குற்றம் எப்போதும் வேறு யார் தலையிலோ விழுகிறது.

இரண்டாவது வழி வைக்கோல். தை, மாசியில் சாலையில் நெல்லைக் காயவைப்பதும், பங்குனிக்கு மேல் நெல் தரிசில் விளைந்த உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளையே போரடிக்கும் மாடுகளாக்கிக்கொள்வதும் நம் பக்கத்து வழக்கம். காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சேவையை நான் ஆட்சேபிக்கவில்லை. களம் இல்லாதவன் வேறெங்கே போவான்? ஆனால் செடிக்கொடியும் வைக்கோலும் அச்சைச் சுற்றிக் கயிறாகத் திரிந்து, சீலின் உதட்டை அறுத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தைக் கடந்துவந்தால் வண்டியை நிறுத்தி, குனிந்து, சுற்றியிருப்பதைப் பிய்த்தெறிந்துவிட்டுப் போவது நல்லது. சூடான புகைக்குழாயில் வைக்கோல் சிக்கித் தீப்பிடிக்கும் அபாயமும் இதனோடு சேர்ந்தது.

பேரிங்கைக் கெடுக்கும் மூன்றாவது காரணம் பாரம். இங்கேதான் வள்ளுவரின் மயிற்பீலிக்கு எஞ்சினியர்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள்: குண்டுப் பேரிங்கின் மேல் வரும் பாரம் இருமடங்கானால் அதன் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஐந்து பேர் போக வேண்டிய காரில் ஐந்து பேரோடு, 45 கிலோ யூரியா மூட்டை இரண்டையும் 40 கிலோ நெல் மூட்டை மூன்றையும் டிக்கியில் அடுக்கிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் சகஜம். என் வண்டியின் பின்பக்க இடது பேரிங் ஏன் முனகிற்று என்பதை ஆராயப் புகுந்தால், மூட்டையை எப்போதும் இடப்பக்கமாகவே நான் தள்ளி வைப்பதுவரை விசாரணை போகும்.

இனி, காது. பெரியவர் என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிய முறையையே சொல்கிறேன். தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் இடையே ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். பகலில் இது நெரிசல் சாலை. விடியற்காலை நாலரை மணிக்கு வயற்காட்டுத் தவளைகளைத் தவிர ஆள் அரவம் இல்லை. ரேடியோவை அணைத்து, ஏசியை நிறுத்தி, நாலு கண்ணாடியையும் இறக்கி, 50, 60இல் ஓட்டச் சொன்னார். ஒரே சீரான ஊம்ம்ம் என்ற ஓசை. தூரத்து நெல் அரவை ஆலையைப்போல. வேகம் கூடினால் சுருதி ஏறிற்று, குறைந்தால் இறங்கிற்று. கியரை நியூட்ரலில் போடச் சொன்னார். எஞ்சின் அடங்கியும் ஓசை அடங்கவில்லை. ஆகவே எஞ்சின் நிரபராதி. பாலத்தின் வழவழப்பான சிமெண்டுத் தளத்தில் ஏறினோம், டயரின் இரைச்சலாக இருந்தால் தளம் மாறியதும் குணம் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. "இப்ப லேசா வலது பக்கம் வளைச்சு வாங்க" என்றார். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கத்துச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஓசை சட்டென்று கனத்தது. இடப்பக்கம் ஒடித்தபோது மெலிந்தது. ஆக நோய் இடப்பக்கம். முன்னா பின்னா என்பதைப் பின் இருக்கையில் மாறி உட்கார்ந்து, தரையில் கால் பதித்து, அதிர்வைப் பாதத்தால் அறிந்து சொல்லிவிட்டார்.

டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்து ரம்பப் பல்போல ஆகியிருந்தால் அதுவும் இதே முனகலை அச்சடித்தாற்போல முனகும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இது. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள்: ஓசை டயரோடு கூடவே இடம் மாறினால் டயர், இருந்த இடத்திலேயே இருந்தால் பேரிங். ஒரு மணி நேர வேலை. பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

அதன் பிறகே ஜாக்கி. ஜாக்கி வைப்பதற்கு முன், தரையில் நிற்கும் மற்ற சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அணைகொடுக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருக்காலும் போகக்கூடாது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேர், நெடுங்காலம் நிலையிலேயே நின்றுவிட்டு 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரங்களும் செய்துகொடுத்து, பிற்பாடு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. அவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தேர் வீதியில் வரும்போது முட்டுக்கட்டை போடும் ஆட்கள் சக்கரத்தை விட்டு விலகுவதில்லை. நம் வீட்டுக் காருக்கு அந்த மரியாதையில் நூறில் ஒரு பங்காவது செய்யலாம்.

தூக்கிய சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து முன்னும் பின்னும் உலுக்குங்கள். அசையவே கூடாது. டக் டக் என்று ஆட்டம் கண்டால், வேறொருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்குங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங்கின் ஆட்டம், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட், பழைய வண்டியானால் கிங்பின். முன் சக்கரத்தில் கைகளை இடமும் வலமுமாக வைத்து உலுக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் தண்டின் முனைகளைப் பாருங்கள். அடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மற்றக் கையின் விரல் நுனிகளைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் மெல்ல வையுங்கள். நல்ல பேரிங் ஒன்றுமே சொல்லாது. கெட்ட பேரிங், அரிசியில் கல்லைப் பொறுக்கும்போது விரலுக்குத் தட்டுமே, அதுபோல உள்ளே நறநறவென்று தட்டும். என் வண்டியில் அதை நானே தொட்டு உணர்ந்தேன். பெரியவர் இதற்கு ஒரு மருந்துக்கடை ஸ்டெதஸ்கோப்பும் வைத்திருக்கிறார்; ஆனால் அது வந்தவர்களை நம்பவைக்கத்தான், தமக்கு விரலே போதும் என்று ரகசியமாகச் சொன்னார்.

மாற்றும் வேலையில் ஜாக்கிரதை வேண்டிய இடம் ஒன்றுதான், ஆனால் அது பெரிய இடம். பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. வெளிவளையத்தை ஏற்றுவதற்கு உள்வளையத்தில் பலத்தைச் செலுத்தினால், அந்த அடி முழுவதும் குண்டுகளின் வழியாகப் போய், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை வளையத்தில் பதித்துவிடுகிறது. புதுப் பேரிங் மாட்டின மாதமே முனகத் தொடங்கும். கடைக்காரர் போலி கொடுத்துவிட்டார் என்று நாம் சண்டைக்குப் போவோம். போலிகளும் உண்டுதான், ஆனால் அடித்துக் கொல்லப்படும் அசல்களும் உண்டு. ஏபிஎஸ் உள்ள புது வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்தப் பட்டை பதித்திருக்கும். திருப்பி மாட்டிவிட்டால் சக்கரம் சுற்றும், பிரேக்கின் மூளைக்கு மட்டும் சேதி போகாது. ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "நல்லா இருக்கறவன ஏன் தம்பி தொந்தரவு பண்ணணும்?" என்றார் பெரியவர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கழற்றிய பேரிங்கை அவர் பழைய தினசரித் தாள் ஒன்றில் வைத்துப் பிளந்து காட்டினார். சீலின் உதட்டில் அரை அங்குல நீளத்துக்கு ஒரு கிழிசல். கிழிசலில் மக்கிப்போன ஒரு நார். கிரீஸ் தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, பாலில் மண் கலந்ததுபோல வெளுத்துக் கிடந்தது. வெளிவளையத்தின் பாதையில், பாரம் விழும் பக்கத்தில் மட்டும், அம்மைத் தழும்புபோல வரிசையாக ஐந்தாறு பொரிந்த குழிகள். இன்னும் எவ்வளவு நாள் ஓடியிருக்கும் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல், கூட்டின் விரிசலை நகத்தால் சுட்டிக்காட்டினார். கூடு உடைந்தால் குண்டுகள் ஒரு பக்கமாகக் குவிந்துவிடும்; அதன் பிறகு ஹப் இறுகி நிற்பதும் சக்கரம் கழன்று வயலில் இறங்குவதும் வண்டியின் வேகத்தைப் பொறுத்த விஷயங்கள்.

தாராசுரத்தில், இரண்டாம் ராஜராஜன் தேர் வடிவில் எடுப்பித்த மண்டபத்தின் கல்சக்கரங்கள் எட்டு நூற்றாண்டுகளாக ஆடாமலும் முனகாமலும் நிற்கின்றன. ஓடாத சக்கரத்துக்கு அது சாத்தியம். ஓடுகிற சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டே. வயலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுமுன் ஒரு குச்சியை எடுத்துச் சக்கரத்தின் உட்புறத்தைச் சுரண்டிவிட்டு ஏறுங்கள். மாதம் ஒரு முறை, ஆளரவமற்ற வேளையில், பாட்டை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இரண்டு மைல் தூரம் ஒன்றும் பேசாமல் ஓட்டிப் பாருங்கள்.